ஸ்கிரீனிங்: திரையிடலா, சலித்தெடுத்தலா?

“உங்கள் விண்ணப்பம் தற்போது திரையிடப்படுகிறது.” ஆன்லைனில் வேலைக்கு விண்ணப்பித்த நண்பர் ஒருவருக்குத் தமிழில் வந்த தகவல் இது. அதை அப்படியே எனக்கு அனுப்பி, ‘எந்தத் தியேட்டரில் என்று போடவில்லையே’ என்று கேட்டிருந்தார். ஸ்கிரீன் என்றால் திரை, ஆகவே ஸ்கிரீனிங் என்றால் திரையிடல் என்று ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரம் கணக்குப் போட்டிருக்கிறது. இருவரும் சிரித்தோம். ‘சரி, அப்புறம் எப்படித்தான் சொல்வது?’ என்று அவர் திருப்பிக் கேட்டபோது எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை.

ஸ்கிரீன் என்ற சொல் பிறந்தது சினிமாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால். பழைய பிரெஞ்சின் ‘எஸ்க்ரென்’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது; அதற்கும் பின்னால் டச்சு மொழியின் ‘ஸ்கெர்ம்’ நிற்கிறது. பொருள்: தடுப்பு, கேடயம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஷிர்ம்’ ஜெர்மனில் இன்றும் குடையைக் குறிக்கிறது. கணப்பின் அனல் முகத்தில் அடிக்காமலிருக்க நடுவில் வைக்கும் மறைப்புதான் ஆங்கிலத்தில் முதலில் ஸ்கிரீன். 16ஆம் நூற்றாண்டு வாக்கில் தானியத்தையும் மண்ணையும் சலிக்கும் பெரிய சல்லடைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆட்களை ‘ஸ்கிரீன்’ செய்வது, அதாவது ஒரு பொறுப்புக்குத் தகுந்தவர்தானா என்று வரிசையாகச் சோதிப்பது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புழக்கத்துக்கு வந்த பொருள். வேலை விளம்பரங்களில் நாம் பார்க்கும் ஸ்கிரீனிங் இந்தக் கிளையைச் சேர்ந்தது. அதன் தாத்தா சல்லடை. சினிமாத் திரை பங்காளி மட்டுமே.

தமிழுக்கு வந்தால் சொற்பஞ்சம் இல்லை. சொல் அதிகமாக இருப்பதுதான் சிக்கல். கலந்து கிடப்பதைப் பிரிக்கும் ஒவ்வொரு விதத்துக்கும் தமிழில் தனி வினை உண்டு. முறத்தில் தட்டித் தட்டிப் பிரித்தால் புடைத்தல். பக்கவாட்டில் அசைத்து ஒதுக்கினால் கொழித்தல். உயரத்திலிருந்து கொட்டி, பதரைக் காற்றுக்கு விட்டால் தூற்றுதல். தண்ணீரோடு சேர்த்து அசைத்துக் கல்லை அடியில் தங்க வைத்தால் அரித்தல். நீர்மத்தை வடிகட்டுகிறோம். சல்லடையில் இட்டுச் சலிக்கிறோம். தெலுங்கின் ஜல்லெட, கன்னடத்தின் ஜரடி எல்லாம் நம் சல்லடையின் உறவுக்காரர்கள்.

இவற்றில் பலரும் எடுத்துக்கொள்வது ‘வடிகட்டுதல்’. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ‘வடிகட்டின முட்டாள்’, ‘வடிகட்டின பொய்’ என்றெல்லாம் சொல்லிச் சொல்லி, வடிகட்டினால் கிடைப்பது சுத்தமான சரக்கு என்ற எண்ணம் அந்தச் சொல்லில் ஊறிவிட்டது. முட்டாளிலும் சுத்த முட்டாள்! கணினி ஒதுக்கியதெல்லாம் கசடு, விட்டு வைத்ததெல்லாம் தெளிவு என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

சல்லடை அப்படி எதையும் வாக்குத் தருவதில்லை. அது அளவை மட்டும் பார்க்கும். புடைக்கிறவருக்குக் கையில் கனம் தெரியும், கண் முறத்திலேயே இருக்கும். சலிக்கும்போது முடிவு ஓட்டையின் அளவிலேயே இருக்கிறது. அந்த ஓட்டையைப் போட்டவர் அப்போது பக்கத்தில்கூட இருப்பதில்லை. ஆள் எடுக்கும் மென்பொருளின் நடப்பு இதேதான்.

அந்த மென்பொருளை ஆங்கிலச் சுருக்கமாக ஏடிஎஸ் என்கிறார்கள். விண்ணப்பத் தடமறி முறைமை என்று தமிழில் சொல்லலாம். பெயரில் ஸ்கிரீனிங் இல்லை என்பதைக் கவனியுங்கள். வந்த விண்ணப்பங்களைக் கோப்பில் அடுக்கி, எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் அடிப்படை வேலை. அதற்கு முதலில் தற்குறிப்பை, அதாவது ரெஸ்யூமேயை, பிரித்தாக வேண்டும். (தற்குறிப்பு என்ற சொல்லில் கடைசி இரண்டு எழுத்தைத் தவறவிட்டால் தற்குறி ஆகிவிடும், ஜாக்கிரதை.) பெயர், தொலைபேசி எண், படிப்பு, வேலை பார்த்த ஆண்டுகள் என்று கூறு கூறாகப் பிரிப்பதற்குப் பெயர் பார்சிங். பகுதி என்று பொருள்படும் லத்தீன் ‘பார்ஸ்’ அதன் வேர். பள்ளியில் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று உடைத்தோமே, அதே காரியம். பகுப்பு என்ற நம் சொல் அதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

பகுப்பில்தான் பலருக்கும் முதல் அடி விழுகிறது. அழகுக்காகப் பக்கத்தை நெடுக்கில் பிரித்து இரண்டு பத்தியாக அமைத்த தற்குறிப்பைச் சில மென்பொருள்கள் இடமிருந்து வலமாக ஒரே வரியாக வாசித்து, படிப்பையும் வேலையையும் ஒன்றாகக் குழைத்துவிடும். பக்கத்தின் தலைப்புப் பட்டையில் எழுதிய தொலைபேசி எண்ணைச் சிலது கண்டுகொள்வதே இல்லை. காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினால், எழுத்தை அடையாளம் காணும் வசதி இல்லாத மென்பொருளுக்கு அது வெற்றுப் பக்கம். நெடுக்கில் பிரிக்காத ஒரே பத்தி, வழக்கமான தலைப்புகள், தட்டச்சு செய்த எழுத்து: இவ்வளவு போதும்.

அடுத்தது சலிப்பது. ‘இந்தச் சான்றிதழ் உண்டா, இல்லையா?’ என்பது போன்ற கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் நாக்-அவுட் கேள்வி என்று பெயர். விலக்குக் கேள்வி எனலாம். ‘இல்லை’ என்று குறித்த கணமே ஆள் வெளியே தள்ளப்படும்படி அமைத்து வைக்கலாம். இன்னொரு வழி, ஆள் எடுப்பவர் சொற்களை இட்டுத் தேடுவது. விளம்பரம் ‘கணக்காளர்’ என்று கேட்க, நீங்கள் ‘கணக்கு அலுவலர்’ என்று எழுதியிருந்தால், எளிய தேடலில் நீங்கள் இல்லாத ஆள். விளம்பரத்தில் உள்ள சொல் உங்களுக்கு உண்மையாகவே பொருந்துமானால் அதையே எழுதுங்கள். இதில் தன்மானப் பிரச்சினை எதுவும் இல்லை.

நூற்றுக்கு 75 விண்ணப்பங்கள் மனிதர் கண்ணிலேயே படுவதில்லை என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை நான் நம்புவதில்லை. அதைச் சொல்லித்தான் பலர் தற்குறிப்புத் திருத்தும் சேவையை விற்கிறார்கள். நம்பத் தகுந்தது வேறொன்று இருக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் ஆக்சென்ச்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரத்தில் கேட்டதோடு அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்பதால் தகுதியுள்ள உயர்திறன் ஆட்களும் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று 88 விழுக்காடு நிறுவனத்தார் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். வேலையில் 6 மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒதுக்கிவிடுவதாகச் சொன்னவர்களும் ஏறத்தாழப் பாதிப்பேர். பிள்ளை பெற்றதும், நோயில் கிடந்ததும், பெற்றோரைப் பார்த்துக்கொண்டதும் அந்த ஓட்டைக்கு ஒரே அளவுதான்.

ஓட்டையை மனிதர் போடாமல் இயந்திரமே கற்றுப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுப் பார்த்ததும் உண்டு. அமேசான் 2014 முதல் அப்படி ஒன்றை உருவாக்கியது. பத்தாண்டு காலம் தனக்கு வந்த தற்குறிப்புகளைப் பாடமாகக் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ‘பெண்கள்’ என்ற சொல் இருந்தாலே, பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவர் என்று இருந்தாலும்கூட, அது மதிப்பைக் குறைத்தது. திருத்திப் பார்த்து, கடைசியில் கைவிட்டார்கள். 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தியில் விஷயம் வெளியே வந்தது.

இதையெல்லாம் நினைக்கும்போதுதான் ‘தேர்வு’ என்ற சொல்லை இங்கே விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தேர்தல் என்றால் ஆராய்தல். ஆளைப் பொறுப்பில் அமர்த்துவது பற்றிப் பேசும் குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்றே பெயர். தேராமல் யாரையும் தேறாதே என்று அதில் ஒரு குறள். ஆராய்ந்த பிறகு வருவதுதான் நம்பிக்கை. இலங்கைத் தமிழில் ‘தெரிவு’ என்று வழங்கும் சொல்லிலும் அந்தத் தெரிதல் இருக்கிறது. யாரும் பார்க்காமல், எதையும் தெரிந்துகொள்ளாமல் நடக்கும் காரியத்துக்கு இந்தப் பெயர்கள் எதற்கு? பின்னிரவில் விண்ணப்பித்து, நாலு நிமிடத்தில் ‘கவனமாகப் பரிசீலித்தோம், மன்னிக்கவும்’ என்று பதில் வாங்கியவர்களைக் கேளுங்கள். பரிசீலனை என்ற சொல் என்ன பாடு படுகிறது என்று சொல்வார்கள்.

ஆகவே என் வாக்கு ‘சலித்தெடுத்தல்’ என்பதற்கு. ‘சலிப்பு’ என்றே வைத்திருக்கலாம், இன்னும் சின்னச் சொல். ஆனால் அதை வேலை தேடுகிறவர்கள் ஏற்கெனவே வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மனிதர் படித்துப் பார்த்து ஒதுக்கினால் முன்தெரிவு. இயந்திரம் செய்தால் தானியங்கிச் சலித்தெடுப்பு. முடிவில் மிஞ்சும் ஷார்ட்லிஸ்ட், குறும்பட்டியல். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவை முழுக்க இயந்திரத்திடம் விட்டுவிடுவதற்குத் தடை போடுகிறது. விலக்குள்ள இடங்களிலும் பெரும்பாலும் மனிதர் ஒருவர் தலையிட வேண்டும் என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. அதைத் தமிழில் விளக்கவாவது மனிதர் செய்வதற்கும் இயந்திரம் செய்வதற்கும் இரண்டு சொல் வேண்டும்.

மருத்துவத்தில் சொல்லும் ஸ்கிரீனிங்குக்கு இது ஒத்துவராது. அங்கே முன்சோதனை என்பதே நல்ல சொல். அங்கே சல்லடையில் சிக்குகிறவரைத்தான் மருத்துவர் உள்ளே கூப்பிடுகிறார்.