போன்ல ஒட்டுற கார்பன் ஸ்டிக்கரை நம்பி காசு போடாதீங்க

புறக்கோட்டை, வெள்ளவத்தை பக்கம் போன் சாமான் வாங்கப் போனா "ரேடியேஷனை உறிஞ்சுற கார்பன் ஸ்டிக்கர்"னு ஒன்னு காட்டுறாங்க. ஆன்டெனா டெஸ்ட் பண்றது என் வேலைங்கிறதால நிறையப் பேர் என்கிட்ட கேக்குறாங்க, அதுவும் கர்ப்பமா இருக்கிற தங்கச்சிமார் பயந்துபோய் கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

போன்ல இருந்து வர்ற மைக்ரோவேவ் அலையை கார்பன் உறிஞ்சும், அது உண்மைதான். நாங்க டெஸ்ட் பண்ற அறையில சுவர் முழுக்க கறுப்பு ஸ்பொஞ்ச் கூம்பு இருக்கும், பொலியூரித்தேன் ஃபோம்ல கார்பன் தூளை ஊற வச்சு செய்றது, அலை உள்ள போகப் போக கார்பன்ல கரண்ட் ஓடி சூடா மாறிடும். 40 டெசிபெல் கூம்புன்னா பத்தாயிரத்துல ஒரு பங்கு சக்திதான் திரும்பி வரும். ஆனா அந்தக் கூம்பு ஒரு அடி, ரெண்டு அடி உயரம். போன் பாவிக்கிற 900 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளமே 33 சென்டிமீட்டர், அதை ஒரு மெல்லிசு ஸ்டிக்கர் எப்படிங்க பிடிக்கும்?

கார்பன் கூடக் கூட நல்லா உறிஞ்சும்னு நினைக்கிறதும் பிழை. காத்தோட இம்பீடன்ஸ், அதாவது அலைக்கு அது காட்டுற எதிர்ப்பு, 377 ஓம், அலை உள்ள நுழையணும்னா மெட்டீரியல் அதோட பொருந்தணும், கார்பன் அளவுக்கு மீறினா அது உலோகத் தகடு மாதிரி அலையைத் திருப்பி அடிச்சிடும். கூம்பு வடிவம் வச்சதே அலை கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகத்தான். எங்கட போகல, கஹட்டகஹ சுரங்கங்கள்ல எடுக்கிற காரீயத்தோட (கிராஃபைட், அதுவும் கார்பன்தான்) தரத்தில எனக்கும் பெருமைதான், ஆனா அதைத் தாளாக்கி ஒட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. கார்பன்லயே செய்ற நானோ டியூப், கிராஃபீனோட ஃபெரைட்ங்கிற காந்தப் பொருளைக் கலந்து ரெண்டு மூனு மில்லிமீட்டர்ல செய்றாங்க, அதெல்லாம் பெரும்பாலும் 8–12 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அலைக்கு.

ஸ்டிக்கர் ஒன்னும் செய்யலைன்னா காசு மட்டும்தான் நட்டம். ஆன்டெனாவை மறைச்சிடுச்சுன்னா, டவரைப் பிடிக்க போன் இன்னும் கூட பவர்ல அனுப்பும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அமெரிக்காவில நுகர்வோரைப் பாதுகாக்கிற எஃப்டிசியும் இதைத்தான் சொல்லி எச்சரிக்கை போட்டிருக்கு.

பயமா இருந்தா ஸ்பீக்கர்ல பேசுங்க, இல்லாட்டி இயர்போன் போடுங்க, போன் உடம்பை விட்டு கொஞ்சம் தள்ளி இருந்தாலே பெரிய வித்தியாசம். லிஃப்ட், பேஸ்மென்ட் கார் பார்க் மாதிரி சிக்னல் குறைஞ்ச இடத்துல நீட்டி முழக்காம வெளிய வந்து பேசுங்க.

கடைக்காரர் விடாம நின்னா எந்த ஃப்ரீக்வன்சியில எத்தனை டெசிபெல், ஷீட் எத்தனை மில்லிமீட்டர், டெஸ்ட் ரிப்போர்ட் எங்கன்னு கேளுங்க.