காலி டேங்கில் காணாமல் போகும் ஆக்சிஜன்

அமிலம் இருந்த டேங்கில் இறங்கச் சொன்னால் யாரும் யோசிப்பார்கள். பெட்ரோல் இருந்த டேங்க் என்றாலும் அப்படித்தான். வெறும் தண்ணீர் இருந்த இரும்பு டேங்க் என்றால் மட்டும் பயமே வருவதில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த மூன்றாவது வகைதான். "சார், தண்ணி டேங்க்தானே, இதுக்குப் போய் கேஸ் டெஸ்ட் எதுக்கு?" என்று அனுபவமுள்ள ஃபிட்டர்களே கேட்பார்கள். விஷவாயு ஒரு துளி இல்லாமலே அங்கே ஆள் சாகலாம். உள்ளே இருந்த ஆக்சிஜனை டேங்கின் சுவரே தின்றிருக்கும்.

காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், நைட்ரஜன் 78 சதவீதம். மீதி பெரும்பாலும் ஆர்கான். இந்தக் காற்றோடு ஈரமும் சேர்ந்து இரும்பைத் தொட்டால் துருப்பிடிக்கும். நான்கு இரும்பு அணுக்கள் துருவாக மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகும். வெளியே என்றால் புதுக்காற்று வந்து ஈடுகட்டிவிடும். மேன்ஹோல் (ஆள் இறங்கும் வாய்) மூடியைப் போட்டு போல்ட்டை இறுக்கிய டேங்கில் போனது போனதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதும் தீர, ஏறக்குறைய 650 கிராம் இரும்பு துருவானால் போதும். ஆளைச் சாய்க்க அதில் பாதியே தாராளம்.

2007இல் வட கடலில் ஒரு கப்பலின் நங்கூரச் சங்கிலி அறையில் மூன்று பேர் இறந்தது இப்படித்தான். சங்கிலி துருப்பிடித்து அறையின் ஆக்சிஜனைக் குடித்திருந்தது. முதலில் போனவர் விழுந்தார், காப்பாற்றப் போன இரண்டாமவர் விழுந்தார், பிறகு மூன்றாமவரும். துரு மட்டும்தான் என்றில்லை. கசடு தேங்கிய குழியில் பாக்டீரியாக்கள் இதே வேலையைச் செய்யும். மூடிய கிடங்கில் மரக்கட்டையும் தானியமும்கூடச் செய்யும்.

உடம்பு ஆக்சிஜனை எதற்குச் செலவழிக்கிறது? செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில், உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து தண்ணீர் ஆகின்றன. அந்தக் கைமாற்றத்தில்தான் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தயாராகிறது. கடைசியில் வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இல்லையென்றால் வரிசை முழுக்க நின்றுபோகும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஆக்சிஜன் இருந்தால் சுமார் 30 ஏடிபி, இல்லாவிட்டால் 2. தசை அந்த இரண்டை வைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கும். மூளையால் முடியாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போது உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதற்கு எதுவுமில்லை. மூச்சுவிடுவதும் ஒருவகை மெதுவான எரிதல்தான் என்று 1780களிலேயே பிரெஞ்சு வேதியியலாளர் லாவோசியே ஒரு கினிப்பன்றியை வைத்துக் காட்டினார். துருவும் அதே குடும்பம். டேங்குக்குள் நாமும் சுவரும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டி போடுகிறோம், சுவர் பல மாதம் முன்னாலேயே தொடங்கிவிட்டது.

சரி, ஆக்சிஜன் குறைந்தால் மூச்சுமுட்டுமே, உடனே வெளியே வந்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் உயிர் போகிறது. மூச்சை அடக்கும்போது வரும் தவிப்பு, பெரும்பாலும் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவது. ஆக்சிஜன் இல்லாத காற்றைச் சுவாசிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் தவிப்பு தெரியாது. 16 சதவீதத்துக்குக் கீழே போனால் நாடி வேகமாகும், நிதானம் தவறும். ஆனால் அந்த ஆளுக்குத் தான் நன்றாக இருப்பதாகவே படும். எனக்கு மிக மோசமாகப் படுவது இந்தக் கட்டம்தான். இன்னும் குறைந்து 10க்குக் கீழே போனால் மயக்கம். 6க்குக் கீழே ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

"மூச்சைப் பிடிச்சிக்கிட்டு ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மூச்சை அடக்கும்போது நுரையீரலில் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். ஏணியில் இறங்கிக் குனிந்து தூக்கும்போது தன்னையறியாமல் மூச்சு இழுத்துவிடுவோம். ஆக்சிஜன் இல்லாத காற்றை ஓரிரு முறை இழுத்தாலே அந்த மிச்சமும் வெளியேறிவிடும். அப்புறம் நுரையீரல் வழியாகப் போகும் ரத்தம் ஆக்சிஜனை வாங்குவதற்குப் பதிலாக இழக்கும். நினைவு தப்பச் சில விநாடிகள் போதும்.

காற்றில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டும் மீட்டரை வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீண்ட நாள் மூடிக்கிடந்த ஒரு தண்ணீர் டேங்கின் மேன்ஹோலைத் திறந்ததும் வாயருகே மீட்டர் 20.6 காட்டியது. "பாத்தீங்களா சார்" என்றார் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர். உள்ளிருக்கும் காற்றை மீட்டருக்கு இழுக்கும் டியூபை இறக்க இறக்க எண் 17க்கு வந்தது, 13க்கு வந்தது, அடியில் 9இல் நின்றது. வாயருகே வெளிக்காற்று கலந்துவிடுவதால் அங்கே மட்டும் பார்ப்பது ஏமாற்றும். மேல், நடு, அடி மூன்றிலும், தலையை உள்ளே விடாமல், டியூப் வழியாகப் பார்க்க வேண்டும். 19.5க்குக் குறைந்தால் யாரும் இறங்கக் கூடாது. ப்ளோயர் போட்டுக் காற்றோட்டம் கொடுத்து மறுபடி பாருங்கள், வேலை முடியும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, கடைசியில் விஷவாயு என்ற வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். பெரும்பாலான மீட்டர்களில் எரியும் வாயுவைப் பார்க்கும் சென்சார், அந்த வாயுவை உள்ளேயே எரித்துத்தான் அளக்கிறது. ஆக்சிஜன் போதாவிட்டால் அதுவும் தப்பாகக் காட்டும்.

மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். சுடர் 16 சதவீதம்வரைகூட எரியும். அதற்குள் மனித மூளை தடுமாறத் தொடங்கியிருக்கும். உள்ளே மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். முகத்தில் மாட்டும் தூசி மாஸ்க்கோ ஃபில்டர் மாஸ்க்கோ இங்கே உதவாது. அவை காற்றை வடிகட்டும், ஆக்சிஜனைத் தராது.

நேர்மாறான ஒரு தப்பும் நடக்கிறது. புழுக்கமாக இருக்கிறதென்று வெல்டர் ஆக்சிஜன் குழாயையே உள்ளே திறந்துவிடுவார். 23.5 சதவீதத்தைத் தாண்டினால் துணியும் தலைமுடியும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். 1967இல் அப்பல்லோ 1 விண்கலத்தில், சுத்த ஆக்சிஜன் நிரப்பிய அறையில் தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். காற்றோட்டத்துக்குச் சாதாரணக் காற்று மட்டும்தான்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். நண்பன் கண்முன்னே கிடக்கும்போது இது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரைச் சாய்த்த காற்று உங்களையும் சாய்க்கும், வெளியிலிருந்து இழுக்க ஆள் இருக்காது. சத்தம் போட்டு உதவி கூப்பிடுங்கள், ப்ளோயரை ஓடவிடுங்கள், கயிற்றை இழுங்கள். மூளைக்குச் சேதம் நான்கைந்து நிமிடங்களிலேயே தொடங்கிவிடும் என்பதால் கயிறு முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். ஆள் இறங்கும் முன்பே ஹார்னஸ் என்ற உடல்பட்டையை மாட்டி, மேன்ஹோலுக்கு மேலே நிறுத்திய முக்காலியில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் பொருத்தி, வெளியே ஒருவரை நிறுத்தியிருந்தால் யாரும் உள்ளே போகாமலே மேலே தூக்கிவிடலாம். இவை இல்லாமல் உங்கள் முன் பெர்மிட் (உள்ளே இறங்க அனுமதிச் சீட்டு) நீட்டப்பட்டால், கையெழுத்துப் போட மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.