அந்த பஃபர் இப்போது யாருடையது?

ஒரு சர்வர் உங்கள் போனுக்கு வீடியோ அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் அந்த பைட்டுகள் நான்கு முறை இடம் மாறும். டிஸ்க்கிலிருந்து கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பேஜ் கேஷுக்கு, அதாவது கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு, அங்கிருந்து புரோகிராமின் பஃபருக்கு (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத் துண்டு), மறுபடியும் கெர்னலுக்குள் சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) பஃபருக்கு, கடைசியில் நெட்வொர்க் கார்டுக்கு. முதல் மாற்றமும் கடைசி மாற்றமும் டிஎம்ஏ வழியாக, அதாவது சாதனமே நேராக நினைவகத்தைத் தொட்டு நடப்பவை; பிராசசருக்கு அதில் வேலை இல்லை. நடுவில் இருக்கும் இரண்டும் பிராசசரின் தலையில் விழும். இத்தனைக்கும் புரோகிராம் அந்த வீடியோவில் ஒரு பைட்டைக்கூட மாற்றவில்லை.

100 ஜிகாபிட் கார்டு முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்கு 12.5 ஜிகாபைட். ஒரு முறை காப்பி செய்ய அதைப் படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகமான கேஷுக்குள் அடங்காத தரவு என்றால், ஒரே காப்பிக்கு வினாடிக்கு 25 ஜிகாபைட் நினைவகப் போக்குவரத்து.

கோப்பை அப்படியே அனுப்பும் வேலைக்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. 1999-இல் வெளியான லினக்ஸ் 2.2 கெர்னலிலேயே சென்ட்ஃபைல் என்ற சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) உண்டு. சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தானே சேர்த்தெடுக்கத் தெரிந்த கார்டாக இருந்தால், 2.4 முதல் பிராசசர் எதையும் காப்பி செய்வதில்லை. எந்தப் பக்கம் (நினைவகத்தைப் பிரித்து வைக்கும் சம அளவுத் துண்டு), எங்கிருந்து, எத்தனை பைட் என்ற குறிப்பு மட்டும் கார்டுக்குப் போகும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், செய்திகளைக் கடத்தும் காஃப்கா எல்லாம் இதை நம்பித்தான் வேகமாக ஓடுகின்றன.

அது எளிதாக முடிந்ததற்குக் காரணம், பேஜ் கேஷ் கெர்னலுடைய சொத்து. புரோகிராம் தன் சொந்த நினைவகத்தில் தயாரித்த தரவை அனுப்பும்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது.

காப்பியை வெறும் விரயம் என்று நினைப்பது தவறு. அது ஒரு சுதந்திரம் தருகிறது. தரவை அனுப்பும் சென்ட் கால் திரும்பி வந்ததும் பஃபர் உங்களுடையது; அடுத்த செய்தியை அதிலேயே எழுதலாம். காப்பி இல்லையென்றால்? தொலைந்ததை மறுபடி அனுப்பும் நெட்வொர்க் நெறிமுறையான டிசிபி-யில் மறுமுனை 'வந்து சேர்ந்தது' என்று சொல்லும்வரை தரவை வைத்திருக்க வேண்டும். இடையில் நீங்கள் பஃபரை மாற்றி எழுதுகிறீர்கள், அதே நேரம் ஒரு பேக்கெட் தொலைந்துபோகிறது. கெர்னல் அதே இடத்திலிருந்து மறுபடி அனுப்பும். ஆனால் அங்கே இருப்பது புதிய தரவு. தரவு சிதைந்ததா என்று பார்க்க உதவும் செக்சம் எண்ணைக் கார்டு அனுப்பும் நேரத்தில் கணக்கிடுவதால் அதுவும் சரியாகவே இருக்கும். தப்பான பைட்டுகளை மறுமுனை சந்தேகமே இல்லாமல் வாங்கிக்கொள்ளும். இப்படி ஒரு பிழையைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் 2017-இல் லினக்ஸ் 4.14 கொண்டுவந்த எம்எஸ்ஜி_ஜீரோகாப்பி (காப்பி இல்லாமல் அனுப்பச் சொல்லும் குறி), நகை அடகு மாதிரி நடக்கிறது. அனுப்பும் பக்கங்களைக் கெர்னல் இடம் மாறாதபடி பிடித்து வைத்துக்கொள்கிறது. பக்கம் உங்களுடையதுதான், ஆனால் மீட்கும்வரை தொடக்கூடாது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒரு வரிசை எண். வேலை முடிந்ததும் 'இந்த எண் முதல் இந்த எண் வரை விடுவித்தாயிற்று' என்று சாக்கெட்டின் பிழை வரிசையில் அறிவிப்பு வரும். அதைப் படித்த பிறகே பஃபரில் கை வைக்க வேண்டும்.

பிடித்து வைப்பதற்கும் அறிவிப்புக்கும் செலவு உண்டே! அதனால் சுமார் 10 கிலோபைட்டுக்கு மேல் அனுப்பினால்தான் லாபம் என்கிறது கெர்னல் ஆவணம். சின்னச் செய்தி ஏற்கெனவே பிராசசரின் கேஷில் சூடாக இருக்கும். அதைக் காப்பி செய்துவிடுவதே மலிவு.

தரவைப் பெறும் முனையில் இது இன்னும் கடினம். பேக்கெட் வந்து, தலைப்பைப் படிக்கும்வரை அது எந்த புரோகிராமுக்கு என்றே தெரியாது. கார்டு அதற்குள் எங்கோ ஓரிடத்தில் எழுதி முடித்திருக்கும். அந்தப் பக்கத்தையே புரோகிராமின் முகவரிக்குள் மாட்டிவிடலாமே என்றால், பக்கம் 4096 பைட். சாதாரண ஈதர்நெட் பேக்கெட்டோ 1500, அதிலும் முன்னால் தலைப்பு உட்கார்ந்திருக்கும். 2018-இல் 4.18 கெர்னலில் வந்த டிசிபி ஜீரோகாப்பி ரிசீவ் பயன்பட வேண்டுமானால், தலைப்பையும் தரவையும் கார்டு தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும், தரவும் முழுப் பக்கங்களாக அமைய வேண்டும். அப்புறம் அந்தப் பக்கங்களைக் கழற்றும்போது, பிராசசரின் மற்ற கோர்களில் தேங்கியிருக்கும் பழைய முகவரிக் குறிப்புகளை அழிக்க அந்தக் கோர்களையும் இடைமறிக்க வேண்டிவரும்.

எனக்குப் பிடித்த தீர்வு ஏஎஃப்_எக்ஸ்டிபி என்ற சாக்கெட் வகையின் வழிதான். அதுவும் 4.18-இல் வந்தது. மாட்டுவதும் கழற்றுவதும் இல்லை. புரோகிராம் தொடக்கத்திலேயே ஒரு பெரிய நினைவகப் பகுதியைப் பதிவு செய்துவிடும். கார்டு நேராக அதற்குள் எழுதும். எந்தத் துண்டு இப்போது யார் கையில் என்பதை நான்கு வளைய வரிசைகள் சொல்லும். ஆனால் இது கெர்னலின் டிசிபி-யைத் தாண்டிப் போய்விடுகிறது. 2025-இல் 6.15 கெர்னலில் வந்த ஐஓ_யூரிங் (புரோகிராமும் கெர்னலும் வளைய வரிசைகள் வழியாகப் பேசும் முறை) ஜீரோகாப்பி ரிசீவ் அந்தக் குறையைத் தீர்க்கிறது: தலைப்பு வழக்கம்போலக் கெர்னலின் டிசிபி-க்கு, தரவு மட்டும் நேராக புரோகிராமின் நினைவகத்துக்கு.

நீங்களே முயன்று பார்ப்பதாக இருந்தால், எம்எஸ்ஜி_ஜீரோகாப்பியை ஒரே கணினிக்குள் லூப்பேக்கில் சோதிக்காதீர்கள். பெறும் புரோகிராம் தரவை எடுக்காமல் எத்தனை நேரம் வேண்டுமானாலும் விட்டுவைக்கலாம். அதுவரை உங்கள் பக்கத்தைப் பூட்டி வைக்க முடியாது என்று கெர்னல் அங்கே காப்பி செய்துவிடும். வரும் அறிவிப்பில் 'காப்பி செய்யப்பட்டது' என்ற குறியும் இருக்கும். இரண்டு கணினிகளை எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் உண்மையான கேபிள் ஒன்றும்.