ஷெல் ஷாக்: அதிர்ச்சியா, வடுவா?

ஷெல் என்றால் பீரங்கிக் குண்டு. சென்னைக்கு அது புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதை நினைவூட்டும் கல்வெட்டு, உயர் நீதிமன்ற மதிற்சுவரில் இன்றும் இருக்கிறது. 'எம்டன்' நம் பேச்சில் எமகாதகனுக்குப் பெயராகிவிட்டது. அதே முதல் உலகப் போரில், சிப்பாய்களுக்கு வந்த மனப்பாதிப்பின் பெயராகப் பிறந்த 'ஷெல் ஷாக்' மட்டும் 'குண்டு அதிர்ச்சி' என்று மொழிபெயர்ப்புச் செய்திகளில் எப்போதாவது தலைகாட்டுகிறது.

பதுங்குகுழிச் சிப்பாய்களின் வாயில் புழங்கிய சொல் இது. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியதும் மருத்துவச் சொல்லானது. அவர் விவரித்த மூவருக்கும் பார்வை, ஞாபகம், மணம், சுவை எல்லாம் குன்றியிருந்தன. வெடியின் அதிர்வு நரம்பைத் தாக்குகிறது என்பது அன்றைய ஊகம். ஆனால் குண்டு பக்கத்தில் விழாதவர்களுக்கும் இது வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் உடனே தரம் பிரித்தது: எதிரியின் குண்டால் வந்தால் போர்க்காயம், இல்லாவிட்டால் வெறும் நோய். காயத்துக்குச் சட்டைக் கையில் பட்டை உண்டு, நோய்க்குக் கிடையாது. 1917இல் அந்தச் சொல்லையே எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. 1922இல் பிரிட்டிஷ் அரசின் விசாரணைக் குழுவும் அதைக் கைவிடச் சொன்னது. பத்திரிகைகள் விடுமா? தலைப்புக்கு அளவெடுத்துத் தைத்த சொல்லாயிற்றே!

படமும் சேர்ந்துகொண்டது. ஆர்தர் ஹர்ஸ்ட் என்ற மருத்துவர் 1917-18இல் எடுத்த ஊமைப்படத்தில் சிப்பாய்கள் கால் பின்ன, உடல் வெடவெடக்க நடக்கிறார்கள். 'சிகிச்சைக்கு முன்' என்று வரும் காட்சிகளில் சில, குணமான பிறகு நடிக்கவைத்து எடுத்தவை. ஷெல் ஷாக் என்றால் நடுக்கம் என்று ஊர் பதியவைத்துக்கொண்டது இப்படித்தான். நடுங்காமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் கணக்கிலேயே வரவில்லை.

தமிழுக்கு வருவோம். 'அதிர்ச்சி' இங்கே ஒத்துவராது. தங்கம் விலை ஏறினாலே 'இல்லத்தரசிகள் அதிர்ச்சி' என்று போடுகிறோம். அது ஒரு நொடியில் தீர்ந்துபோகிற சங்கதி. 'மனவடு' பொருந்தும். ஈழத்தமிழ் மருத்துவ எழுத்தில் ஏற்கெனவே பழகிய சொல். தீப்புண் உள்ளே ஆறிவிடும், நாவினாற் சுட்ட வடு ஆறாது என்ற குறள் தெரிந்தவருக்கு விளக்கவே வேண்டாம். இறந்த வீரருக்கு 'வீரமரணம்' என்று தயாராக ஒரு சொல் வைத்திருக்கும் நம் செய்தித்தாள்களிடம், திரும்பி வந்தவரின் உறக்கமின்மைக்குச் சொல் இல்லை. 'போர் மனவடு' அந்த இடத்தை நிரப்பும்.

1914-18 போர்ச் செய்தியென்றால் 'ஷெல் ஷாக்' என்றே எழுதலாம். அது அக்காலத்துப் பெயர். வியட்நாம் போருக்குப் பின் 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறிய நோய்ப்பெயர் (PTSD) வேறு; அதைப் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்று கட்டுரைக்குள் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு 'போர் மனவடு' என்று சுருக்கிக்கொள்ளலாம். போர்முனையிலிருந்து வந்த மறுநாளே ஒருவருக்கு இந்த நோய்ப்பெயரைச் சூட்டிவிடக் கூடாது. கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர்களே அப்படி எழுதுவார்கள்.