சியென்: சீனக் கோயில் சீட்டைத் தமிழில் என்னவென்று சொல்வது?

சீனக் கோயில்களில் மண்டியிட்டு மூங்கில் குழாயைக் குலுக்குவார்கள். ஒரு குச்சி வெளியே விழும். அதில் உள்ள எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய சீட்டை வாங்கிப் படிப்பார்கள். அந்தக் குச்சிக்கும் சீட்டுக்கும் மாண்டரினில் ஒரே பெயர்: சியென். ‘சியு சியென்’ என்றால் சியெனை வேண்டிப் பெறுதல். ஹாங்காங்கில் காதில் விழுவது இதன் காண்டனீஸ் வடிவமான ‘காவ் சிம்’. தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் ‘சியம்’ என்பார்கள். சீட்டில் பாட்டு அச்சாகியிருப்பதால் ‘சியம் சி’, அதாவது சீட்டுப் பாட்டு. ஹொக்கியன், தியோச்சியூ மக்கள் கப்பலேறிப் போன ஊர்களுக்கு இந்தச் சொல்லும் கூடவே போயிற்று. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் இன்றைக்கும் அது சியம்சிதான்.

சொல்லின் அடிப்பொருளில் சாமியும் இல்லை, சோதிடமும் இல்லை. கூராகச் சீவிய மூங்கில் துண்டு, அவ்வளவே. எழுதும்போதும் தலையில் மூங்கில் குறி வரும். பல்குத்தும் குச்சி ‘யா சியென்’. படித்த பக்கம் மறக்காமலிருக்கப் புத்தகத்தில் செருகுவது ‘ஷூ சியென்’. உலகக் கோப்பைக்கு அணிகளைக் குலுக்கிப் பிரிப்பது ‘சோவ் சியென்’. இத்தனை வேலை பார்க்கும் சொல், கோயில் வாசலைத் தாண்டியதும் தெய்வத்தின் பதிலாகிவிடுகிறது.

அந்தப் பதிலைப் பெறுவதற்கு ஒரு முறை உண்டு. ஊதுவத்தி ஏற்றி, பெயர், ஊர், பிறந்த நாள் எல்லாம் மனத்துக்குள் சொல்லி, ஒரே ஒரு கேள்வியை வைக்க வேண்டும். குச்சி விழுந்த பிறகும் பல கோயில்களில் காரியம் முடிவதில்லை. பிறை வடிவில் இரண்டு கட்டைகள் இருக்கும், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. அவற்றைத் தரையில் போட்டு, ‘இதுதான் எனக்கான சீட்டா?’ என்று மறுபடி கேட்க வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் ஆம். இரண்டுமே குவிந்து விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டை முகம் காட்டினால் சாமி சிரிக்கிறது என்று பொருள். கேள்வி சரியில்லை, யோசித்துக் கேள்.

எந்தத் தெய்வம் என்பதைப் பொறுத்துச் சீட்டுக் கட்டும் மாறும். கருணைத் தெய்வம் குவான்யினுக்கும் போர்த் தெய்வம் குவான் டிக்கும் நூறு நூறு. ஹாங்காங்கின் வோங் டாய் சின் கோயிலிலும் நூறு. கடல் தெய்வம் மாசுவுக்கு அறுபது. நம்முடைய பிரபவ, விபவ போலச் சீனர்களுக்கும் ஓர் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு, அதன் கணக்கு இது. ஜப்பானியக் கோயில்களின் ‘ஒமிகுஜி’ சீட்டுகளிலும் பழைய நூறு பாட்டுக் கட்டு ஒன்று சீனத்திலிருந்து போனதுதான். அதற்குப் பெயர் ‘தியான்சூ’ சீட்டுகள். தியான்சூ என்பது இந்தியாவுக்குச் சீனர்கள் வைத்திருந்த பழைய பெயர். உடனே மார்தட்ட வேண்டாம். ஹாங்சோவில் அந்தப் பெயரில் ஒரு கோயில் இருக்கிறது, அதைச் சொன்னார்கள்.

இனி சீட்டு. மேலே எண். அதன் அருகே தரம்: உச்சியில் ‘மேல்-மேல்’, அடியில் ‘கீழ்-கீழ்’, நடுவே சில படிகள். அடுத்து ஒரு பழங்கதையின் தலைப்பு. அதன் கீழே பாட்டு. பெரும்பாலும் நான்கு அடி, அடிக்கு ஏழு எழுத்து. கடைசியில் தலைப்பு வாரியாகப் பலன்: வீடு, வியாபாரம், கல்யாணம், பிள்ளைப்பேறு, வழக்கு, நோய், தொலைந்த பொருள், ஊருக்குப் போனவர், வயலும் பட்டுப்புழுவும், கால்நடை, மூதாதையர் கல்லறை. ஹாங்காங்கின் நாற்பதாவது மாடியில் குடியிருப்பவருக்குப் பட்டுப்புழுப் பலன் எதற்கு என்று தோன்றும். ஆனால் ஒரு காலத்து விவசாயக் குடும்பத்தின் கவலைப் பட்டியல் முழுக்க அதில் இருக்கிறது.

பெரும்பாலோர் தரத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஷயம் கதையில் இருக்கிறது. வோங் டாய் சின் கோயிலின் முதல் சீட்டு ‘மேல்-மேல்’. அதன் தலைப்பில் வருபவர் ஜியாங் தாய்கோங், வளையாத நேர் ஊசியைத் தூண்டிலாகப் போட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவர். சோ அரசர் வந்து கண்டுபிடித்து அவரை அமைச்சராக்கியபோது அவர் கிழவர். வேலை மாறலாமா என்று கேட்டவர் கையில் இந்தச் சீட்டு வந்தால் துள்ளிக் குதிப்பார். அதற்குள் எத்தனை வருடக் காத்திருப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வோங் டாய் சின் வளாகத்தில் வரிசையாகக் கடை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அந்தத் தொழிலைத்தான் செய்கிறார்கள்.

மோசமான சீட்டில் புத்திமதி இன்னும் வெளிப்படை. ஹாங்காங் ஷாடினில் சே குங் கோயில் இருக்கிறது. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அங்கே ஊர் முழுவதற்குமாக ஒரு சீட்டு எடுப்பார்கள். 2003இல் அரசின் உள்துறைச் செயலர் எடுத்தது கீழ்ச் சீட்டு. நீரோட்டத்தோடு பாய் விரித்துப் போன படகு பாதி வழியில் அலையில் மாட்டி ஓரங்குலம் நகர முடியாமல் நிற்பதாகப் பாட்டு. அந்த வருடம்தான் சார்ஸ் கொள்ளைநோய் வந்தது. அதற்கப்புறம் அந்த வேலையை ஊரகத் தலைவர்களின் மன்றத் தலைவர் ஏற்றுக்கொண்டார். 2009இல், உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம், அவர் கைக்கு வந்தது இருபத்தேழாவது சீட்டு. அதுவும் கீழ். அதன் பாட்டு ஏறக்குறைய இப்படி:

அடுத்தவன் கெட்டவனென்று நீ காவல் இருக்க வேண்டாம்;
கண்ணெதிரே நிற்கும் பேய்ப்படை எல்லாமே மாயப் பிசாசு.
சின் அரசன் நெடுஞ்சுவர் எழுப்பியதும் வீண்;
கேடு போவதும் வருவதும் தானே அழைத்துக்கொண்டது.

இதில் வருங்காலச் செய்தி என்ன இருக்கிறது? சந்தை ஏறுமா இறங்குமா என்று எங்கேயும் சொல்லவில்லை. வெளியே எதிரியைத் தேடிச் சுவர் கட்டாதே, உன் நடத்தையைப் பார் என்கிறது. சின் பேரரசைக் கவிழ்த்தது சுவருக்கு அப்பாலிருந்து வந்த படையன்று, உள்ளே எழுந்த கலகம் என்பது சீனப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வரலாறு. அண்டை வீட்டாரோடு வழக்காடலாமா என்று கேட்பவருக்கு இதே பாட்டு ஒரு பொருள் தரும். கூட்டாளியைச் சந்தேகிக்கும் கடைக்காரருக்கு வேறொன்று தரும். இதை ஜோசியம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, தமிழ்ப் பெயர். ‘அதிர்ஷ்டச் சீட்டு’ என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு லாட்டரிதான் நினைவுக்கு வரும், கீழ்-கீழ் சீட்டை அப்படி அழைப்பதும் வேடிக்கை. ‘குறிச்சீட்டு’ கொஞ்சம் தேவலை. ஆனால் குறி என்றதும் நமக்குக் குறி சொல்பவள் முன்னால் வந்து நிற்கிறாள். இங்கே பேசுவது அச்சிட்ட பாட்டு. குடவோலை சோழர் காலத்து உத்திரமேரூரில் ஆளைத் தேர்ந்தெடுக்க வந்தது. அதில் படித்துப் பொருள் காண ஒன்றுமில்லை. கிளி எடுக்கும் சீட்டில் கேள்வி சாமியிடம் போவதில்லை.

நம்மிடம் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: திருவுளச்சீட்டு. தெய்வத்தின் உள்ளம் என்ன என்று அறியப் போடும் சீட்டு. வேண்டுதலும் அதில் உண்டு, சீட்டும் உண்டு. சியெனுக்கு நான் இதைத்தான் எழுதுவேன். பிறைக்கட்டை போடுவதற்கு நெருக்கமானது பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா, ஆமா இல்லையா என்பதோடு அது முடிந்துவிடும்.

பாட்டு வழியாகப் பதில் பெறும் வழக்கத்துக்கும் இணை இருக்கிறது. தேவார ஏட்டுக் கட்டில் கயிறு சாத்தி, கயிறு நுழைந்த இடத்துப் பாடலைத் தெய்வ வாக்காகக் கொள்வது சைவர்களின் பழைய முறை. பிள்ளையில்லாத பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் அப்படிப் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பாடல் வந்தது என்பார்கள். வெண்காட்டு முக்குளத்தில் நீராடினால் பேய் அண்டாது, பிள்ளை வரம் கிடைக்கும், ஐயம் வேண்டாம் என்று சொல்லும் பாட்டு. அவர் அங்கே போய்த் தவமிருந்து பெற்ற பிள்ளையே சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் என்பது சைவ மரபு. அங்கும் பாட்டு ‘நடக்கும்’ என்பதோடு நிற்கவில்லை, செய்ய வேண்டியதையும் சொன்னது.

மிச்சம் இருப்பது சீட்டுக்குப் பொருள் சொல்லும் வேலையின் பெயர். சீனத்தில் ‘ஜியே சியென்’. ஜியே என்றால் அவிழ்ப்பது, முடிச்சைப் பிரிப்பது. கத்தி, மாடு, கொம்பு மூன்றும் சேர்ந்த எழுத்து அது. மாட்டின் கொம்பைக் கத்தியால் பிரித்தெடுப்பது மூலப் பொருள். ‘பலன் சொல்லுதல்’ என்று தமிழில் எழுதினால் பாதி போய்விடும். பாட்டையும் கதையையும் கேட்டவரின் கேள்வியையும் சேர்த்துப் பிரித்துக் காட்டுவதற்கு ‘உரை சொல்லுதல்’ போதும். கடை போட்டு உட்கார்ந்திருப்பவரைச் சீட்டுக்கு உரை சொல்பவர் என்றே அழைக்கலாம்.