31 பாகைச் சரிவில் ஐந்நூறு மைல்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1959-இல் திறக்கப்பட்ட டேட்டோனா கார்ப் பந்தய ஓடுதளத்தின் ஒரு சுற்று இரண்டரை மைல். ஆண்டுதோறும் அங்கு நடக்கும் டேட்டோனா 500 பந்தயத்தில், ஒன்றரை டன் எடையுள்ள ஸ்டாக் கார்கள் (சாலைக் கார்களின் தோற்றத்தில் அமைந்த பந்தயக் கார்கள்) அதை 200 முறை சுற்றுகின்றன. இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருப்பதில் என்ன திறமை இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த வளைவுகளின் சரிவைக் கணக்கில் எடுப்பதில்லை. அது 31 பாகை. அதாவது, பத்து மீட்டர் அகலத்துக்கு ஆறு மீட்டர் உயரம். இவ்வளவு உயரத்துக்குக் கொட்ட நடுத்திடலிலேயே மண்ணைத் தோண்டினார்கள்; அந்தப் பள்ளம் இன்று ஓர் ஏரி.

வளைவின் ஆரம் ஏறத்தாழ 300 மீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அதில் திரும்ப, காரை உள்நோக்கி இழுக்க அதன் எடையைப் போல் சுமார் 2.3 மடங்கு விசை வேண்டும். தளம் மட்டமாக இருந்தால் இந்த விசை முழுவதையும் டயரின் உராய்வே தர வேண்டியிருக்கும். எந்தச் சாதாரண டயராலும் அது முடியாது. சரிந்த தளமோ காரை மேல்நோக்கி மட்டுமல்லாமல் உள்நோக்கியும் தள்ளுகிறது. கார் தளத்தின்மீது அழுந்தும் விசையும் எடையைப் போல் இரு மடங்காகிறது. இதனால் தேவைப்படும் உராய்வுக் கெழு (அழுந்தும் விசைக்கு உராய்வு எத்தனை மடங்கு என்ற விகிதம்) 2.3-இலிருந்து சுமார் 0.7-ஆகக் குறைகிறது. திருவிழாவில் மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் சுவரில் ஒட்டிக்கொள்வதும் இதற்கு நெருங்கிய கணக்குதான்.

வளைவிலும் பிரேக்கை மிதிக்கத் தேவையில்லை என்றானபின், வேகத்துக்கு எல்லை வகுப்பது காற்றின் தடைதான். முன்னே செல்லும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. அதற்குள் ஒட்டிச் செல்லும் காருக்குத் தடை குறைகிறது. வியப்பு என்னவென்றால், பின்னால் அந்தக் கார் இருப்பதாலேயே முன்காரைப் பின்னிழுக்கும் விசையும் குறைந்து, இரண்டும் தனித்தனியே ஓடுவதைவிட வேகமாக ஓடுகின்றன. 1960-இல் ஜூனியர் ஜான்சன் என்ற ஓட்டுநர் தம்முடைய வேகம் குறைந்த செவ்ரலேவுடன் விரைவான கார்களின் முதுகில் ஒட்டிக்கொண்டே டேட்டோனா 500 பந்தயத்தை வென்றார்.

1987-இல், டேட்டோனாவைப் போலவே செங்குத்தான வளைவுகள் கொண்ட டல்லடேகா ஓடுதளத்தில் பாபி ஆலிசன் என்ற ஓட்டுநரின் கார் மேலெழும்பி வேலியைக் கிழித்த பிறகு, இவ்விரு தளங்களிலும் இன்ஜினுக்குச் செல்லும் காற்றைக் குறைக்கும் துளைத்தகடுகள் 1988 முதல் 2019 தொடக்கம் வரை கட்டாயமாக இருந்தன. வேகம் குறைந்தது உண்மை. ஆனால் எல்லாக் கார்களின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டதால் யாராலும் விலகி ஓட முடியாமல், நாற்பது கார்கள் ஒரே திரளாகச் செல்லும் நிலை வந்தது. ஒருவர் தடுமாறினால் பின்னால் வரும் இருபது பேர் சிக்குகிறார்கள். அந்தத் திரளுக்குள் ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைக்காததால் இன்ஜின் சூடேறும். அப்போது ஓட்டுநர் காரின் மூக்கை வரிசைக்கு வெளியே ஒரு கை அகலம் நீட்டிக் காற்று வாங்கிவிட்டு, வேகம் குறைவதற்குள் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறார்.