பகலில் தரைவழி, ராத்திரியில் வானவழி

காலையில் செய்தி, அப்புறம் மருத்துவரோடு ஒரு நேர்காணல், மதியம் சிறுகதை வாசிப்பு, சாயங்காலம் விவாதம், ராத்திரி நாடகம். தேசிய வானொலி என்றால் நாள் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அதை மத்திய அலையில், அதாவது மீடியம் வேவில், கேட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். பகலெல்லாம் கணீரென்று கேட்ட நிலையம் ராத்திரி நாடகத்தின்போது ஏறி இறங்கும். கதாநாயகி அழும் நேரத்தில், பின்னால் யாரோ புரியாத மொழியில் செய்தி வாசிப்பார்கள். நாமும் ரேடியோவைத் தட்டிப் பார்ப்போம். அதன்மேல் தப்பே இல்லை. சூரியன் மறைந்ததால் வானத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் குரலைப் பார்ப்போம். கழுத்தில் விரலை வைத்து ‘ஆ’ என்று சொல்லுங்கள். தொண்டை அதிர்வது விரலில் தெரியும். இப்போது ‘ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள். அதிர்வே இருக்காது, பல்லிடுக்கில் காற்று சீறும். பேச்சுக்குச் சத்தத்தைத் தருபவை உயிரொலிகள். ஆனால் எந்தச் சொல் என்று காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் மெய்யொலிகள்தான். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள் வரைதான், ஒலியைக் கடத்தியது. ‘ஸ்’ஸின் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் அது வெட்டுப்பட்டது, ‘ஸ’வும் ‘ஃப’வும் குழம்பின. பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. வாக்கியமாக வந்தபோது சிக்கலே இல்லை. காது கோட்டைவிட்டதை மூளை நிரப்பிக்கொண்டது. இவ்வளவு சேதத்தைத் தாங்கியும் அர்த்தம் கெடாதது பேச்சைப் போல வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தாங்கும் திறன் மத்திய அலைக்கு ரொம்பத் தோது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அங்கே 9 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு நிலையம் என்று இடம் பிரித்திருக்கிறார்கள். அதற்குள் அடங்கினால் சுமார் 4,500 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் போகும். எஃப்.எம்.மில் 15,000 ஹெர்ட்ஸ் வரை போகலாம். இசைக்கு இந்த வித்தியாசம் பெரிது. செய்திக்கு அத்தனை பெரிதில்லை.

சரி, குரல் எப்படிப் பயணம் செய்கிறது? 900 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் நிலையத்தின் கோபுரம் நொடிக்கு 9 லட்சம் முறை அதிரும் சீரான அலையை அனுப்புகிறது. அறிவிப்பாளர் பேசும்போது அந்த அலையின் உயரம் அவர் குரலின் வடிவத்தில் கூடிக் குறைகிறது. நம் ரேடியோவில் ஒரு டையோடு அலையின் பாதியை வெட்டிவிடுகிறது. ஒரு மின்தேக்கி வேகமான அதிர்வை வழித்தெடுக்கிறது. மிஞ்சுவது குரல். ரேடியோ அலையில் மனிதப் பேச்சை முதலில் அனுப்பியவர் ரெஜினால்ட் ஃபெசன்டன். 1900 டிசம்பரில், அமெரிக்காவில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு. அவர் அனுப்பியது ஒரு சாதாரணக் கேள்விதான்: அங்கே பனி பெய்கிறதா?

இப்போது வானத்துக்கு வருவோம். கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையில் ஒரு பங்கு தரையை ஒட்டி ஊர்கிறது. இன்னொரு பங்கு மேலே போகிறது. பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரியக் கதிர்கள் காற்றின் மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து வைத்திருக்கின்றன. இதற்கு டி அடுக்கு என்று பெயர். மேலே வரும் அலை இந்த எலெக்ட்ரான்களை ஆட்டும். அவை பக்கத்து மூலக்கூறுகளில் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக இழக்கும். மேலே போன குரல் அங்கேயே தீர்ந்துபோகும். அதனால் பகலில் நமக்குக் கிடைப்பது தரைவழி அலை மட்டும்.

பொழுது சாய்ந்ததும் அந்த எலெக்ட்ரான்கள் சீக்கிரமே மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. டி அடுக்கு கலைகிறது. இன்னும் உயரத்தில் காற்று மெலிவு, மோதல் குறைவு. அங்குள்ள அடுக்கு விடியும்வரை தாக்குப்பிடித்து அலையை வளைத்துக் கீழே திருப்புகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலையம் நம் வீட்டுக்குள் வருவது இப்படித்தான்.

ஏற்ற இறக்கத்துக்கும் இதுவே காரணம். கோபுரத்துக்குப் பக்கத்தில் தரைவழி அலை ஓங்கியிருக்கும். ரொம்பத் தள்ளிப்போனால் வானவழி மட்டும்தான். நடுவில் ஒரு வளையப் பகுதியில் இரண்டும் சமபலத்தில் வந்து சேரும்; பாவம், அங்கே இருப்பவர்கள்தான் அதிகம் தவிப்பார்கள். 900 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 333 மீட்டர். மேலே உள்ள அடுக்கு கொஞ்சம் அசைந்தாலே போதும், கைகோத்து வந்த இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாடகத்தில் பாதி வசனம் அமுங்கும்.

இந்தத் தொல்லையை வைத்தே வானத்தை அளந்தவர்களும் உண்டு. 1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டன், மைல்ஸ் பார்னெட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் இருந்த பி.பி.சி. ஒலிபரப்பியை அன்றைய நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு பயன்படுத்திக்கொண்டார்கள். அலைநீளத்தை மெல்ல மாற்றச் சொல்லி, ஆக்ஸ்ஃபோர்டில் சத்தம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து இரு பாதைகளின் வித்தியாசம் கிடைத்தது. அதிலிருந்து, திருப்பி அனுப்பும் அடுக்கு சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது தெரிந்தது. ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ராத்திரி நாடகத்தில் வேற்றுமொழி குறுக்கிட்டால் ரேடியோவை மேசைமேல் வைத்தபடியே மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே அலையைப் பிடிக்கும் ஃபெரைட் தண்டு ஒன்று படுத்திருக்கும். அதன் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அங்கிருந்து வரும் நிலையம் மங்கும். வானவழி அலை சாய்ந்து இறங்குவதால் ராத்திரியில் அது சுத்தமாக மறையாது. ஆனாலும் பத்து டிகிரி திருப்பியதில் அழுகைக் காட்சி எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.